வேலியோரம் சுருட்டி வைத்த கேபிள்

இலங்கை மலையகத்தில் மடுல்சீமைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஃபேக்டரிக்குத்தான் முதல் மரியாதை. கொழுந்து வாட்டும் அதன் மின்விசிறிகள் ஓட ஓட, என் வானொலிப் பெட்டியில் நூற்று அறுபது மீட்டர் அலைவரிசை முழுவதும் கரகரவென்று கொட்டும். என்னைப் போல ஆசைக்காகத் தூர தேசத்தாரோடு பேசும் அமெச்சூர் வானொலிக்காரனுக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது.

அதற்காகவே தோட்ட மேலாளரான துரையிடம் கெஞ்சிக் கூத்தாடி, தேயிலைக்கு மேலாக இரண்டு நீளக் கம்பிகளை இணையாக, வடமேற்கு நோக்கி இழுத்திருந்தேன். இரண்டின் கேபிள்களும் என் மேசைமேல் ஒரு சின்னப் பெட்டியில் சேரும். முன்னாலிருந்து வரும் ஒலி ஒன்றுகூடிப் பெருகும். பக்கவாட்டிலிருக்கும் ஃபேக்டரி இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும். ஒரே நிபந்தனை, இரண்டு கேபிளும் ஒரே நீளம் இருக்க வேண்டும். ஒரு கம்பி தூரத்தில், மற்றது வீட்டுக்குப் பக்கத்தில். அதனால் பக்கத்துக் கேபிளில் மிஞ்சியதை வெட்டாமல் பெரிய வளையமாகச் சுருட்டி வேலியோரம் போட்டிருந்தேன்.

கரீபியன் தீவொன்றில் எனக்கு ஒரு நண்பர். நேரில் பார்த்ததில்லை. மற்ற அலைவரிசைகளில் பல வருடம் மோர்ஸில் பேசியிருக்கிறோம். இந்த நூற்று அறுபது மீட்டரில் மட்டும் எட்டவே இல்லை. மனைவி தவறிப்போன பிறகு தனியாக இருக்க முடியாமல் வீட்டை விற்றுவிட்டு மகளின் அடுக்குமாடிக்குப் போகிறார். அவருடைய அன்டெனாக் கோபுரத்தை மறுநாள் கழற்றுகிறார்கள். அவருக்கு இரவு, எனக்கு விடியல். மலைக்கு மேல் வெயில் ஏறினால் அலைவரிசை செத்துவிடும். எங்களுக்கு இருந்தது அந்த ஒரு விடியல்தான்.

அன்று விடியுமுன் வானொலிப் பெட்டியைப் போட்டேன். ஃபேக்டரி கேட்டது. குமிழை எந்தப் பக்கம் திருகினாலும் ஃபேக்டரியேதான். கேபிளைப் பிடித்துக்கொண்டே வெளியே ஓடினேன். வேலியோரம் வளையத்தைக் காணோம்! வெட்டிய இரண்டு முனைகளையும் யாரோ அழகாக டேப் சுற்றி ஒட்டியிருந்தார்கள். நிமிர்ந்தால், பக்கத்து லயத்து வீட்டுக் கூரையில் புது டிஷ். அதிலிருந்து இறங்கியது என் கேபிள்.

"அண்ணே! என் கேபிளையா வெட்டுனீங்க?"

அந்த வீட்டு அண்ணன் தேநீர்க் கோப்பையோடு வந்தார். "சும்மாதானே தம்பி சுருட்டிக் கெடந்துச்சு? ஒனக்கு மிச்சம்னு நெனச்சேன். வெட்டுன எடத்தக்கூட நல்லா ஒட்டி வச்சேனே, பாக்கலையா?"

எனக்குக் கோபம் பொங்கியது. ஆனால் அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் லயத்தில் சும்மா கிடக்கும் பொருளுக்கு யாரும் அனுமதி கேட்பதில்லை. என் கம்பியைத் தாங்கும் மூங்கில்களே அவர் பீர்க்கம் பந்தலுக்கு வைத்திருந்ததிலிருந்து நான் எடுத்தவைதான். அப்போது அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இப்பக் கழட்டணும்ணே. வெளக்கமெல்லாம் பெறகு சொல்றேன்."

உள்ளே தொலைக்காட்சியில் காலைப் பூசை ஓடிக்கொண்டிருந்தது. கற்பூர ஆரத்தி நேரத்தில் படம் போக, அவர் மனைவி போட்ட சத்தம் ஃபேக்டரிவரை கேட்டிருக்கும். அண்ணனே ஏணியில் ஏறிக் கேபிளை இறக்கித் தந்தார். குறடு தேட நேரமில்லை. பல்லால் கடித்து உறையை உரித்து, வேலியோரம் பழைய இடத்திலேயே முறுக்கி இணைத்தேன். கிழக்கே மலைமுகடு சிவந்துவிட்டது.

ஓடிவந்து ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஸ்பீக்கரைப் போட்டேன். இரைச்சல் இறங்கியது. அதற்கு அடியில், மெலிதாக, மோர்ஸில் என் அழைப்புக் குறி! விட்டு விட்டு, பொறுமையாக, எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாரோ. பதில் அனுப்பினேன். ஒன்றுமில்லை. மறுபடி அனுப்பினேன். அண்ணன் எனக்குப் பின்னால் வந்து நின்று ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்தார்.

பதில் வந்தது.

"என்னா தம்பி சொல்றாரு?"

"நான் அனுப்புனது கேக்குதாம்ணே."

நண்பர் ‘எழுபத்து மூன்று’ என்று, வானொலிக்காரர்கள் விடைபெறும் எண்களை அனுப்பினார். இன்னொரு முறையும் அனுப்பினார். அதன் பாதியிலேயே வெயில் வந்து ஒலி அறுந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

அண்ணன் என் தோளைத் தட்டினார். "கேபிளு இங்கயே இருக்கட்டும் தம்பி. நாளைக்கும் அவரோட பேசணும்ல?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.