யாருக்கும் வேண்டாத மீன்

எண்பதுகளின் கடைசியில் எங்கள் பிள்ளைகளைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப்போகும் பொறுப்பு என் மனைவியின் தம்பியுடையது. வகுப்பு நடந்த பள்ளிக்கூடத்தின் பின்திடலில் ஒரு வில்வித்தைக் கழகம் பயிற்சி செய்யும். பிள்ளைகளைக் கூட்டிவந்த தகப்பன்மார் காருக்குள் இருந்து பேப்பர் வாசிக்க, மைத்துனர் வேலியோரம் நின்று அதைப் பார்த்தார். சில வாரங்களில் வேலிக்கு உள்ளே நின்றார். அடுத்த கோடையில் கழகத்து வெள்ளைக்காரர்கள் தங்கள் வில்லைக் கீழே வைத்துவிட்டு அவர் எய்வதைப் பார்க்கத் தொடங்கினார்கள். எதையும் எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். ஒரு நாள் நானும் போயிருந்தபோது அவர் விட்ட முப்பத்தாறு அம்பில் முப்பத்தொன்று நடுவிலிருந்த மஞ்சள் வட்டத்துக்குள் நின்றன. இரண்டு தரம் எண்ணினேன்.

மைத்துனருடைய அகதி விண்ணப்பத்துக்கு அப்போது முடிவு வரவில்லை. பொலிசில் சின்னக் கேஸ் ஒன்று விழுந்தாலும் விண்ணப்பம் கெட்டுப்போகும் என்று லோயர் எச்சரித்திருந்தார். அதை நினைத்து நித்திரை குழம்பியது அவரல்ல, நான்தான். அவர் சிவப்பு விளக்கில் ரோட்டைக் கடக்கப் பார்த்தாலே சட்டையைப் பிடித்து இழுப்பேன்.

வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் ஒரு குளம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மைத்துனரும் அதன் கரையில் நடப்போம். தூண்டில்காரர்கள் தொடையளவு பருமனான கெண்டைகளை இழுத்தெடுப்பார்கள். ஈரப் பாயில் கிடத்தி நிறுப்பார்கள், படம் எடுப்பார்கள், பிறகு இரண்டு கையாலும் ஏந்தித் தண்ணீருக்குள் விடுவார்கள்.

“அத்தான், கண்டீங்களோ? அவ்வளவு பாடுபட்டுப் பிடிச்சுப்போட்டுத் திருப்பி விடுறாங்கள். ஒருத்தருக்கும் வேண்டாத மீன்.”

“சேத்து மீனாக்கும். சேறு மணக்கும்.”

“புளியை வடிவாய் விட்டால் ஏன் மணக்குது?”

எனக்கும் அது சரியாகவே பட்டது. பிடித்த நல்ல மீனைத் திருப்பி விடுகிறவனை நாங்கள் இருவரும் அதற்கு முன் கண்டதில்லை. வேண்டாம் என்று எறிகிற பொருளில் ஒன்றை எடுத்தால் யாருக்கு நட்டம்?

வில்லால் கெண்டை பிடிக்கும் யோசனை, கழகத்தில் கிடந்த ஒரு அமெரிக்கச் சஞ்சிகையிலிருந்து வந்தது. அம்பின் வாலில் கயிறு, கயிற்றின் மறுமுனை வில்லில். அம்பு தைத்த மீனைக் கயிற்றால் இழுக்க வேண்டும். மைத்துனர் பால்மா டின் ஒன்றை வில்லில் பூட்டி, நைலோன் கயிற்றை அதில் சுற்றினார். குளியலறை திருத்தியபோது கழற்றிய பழைய தொட்டி தோட்டத்தில் கிடந்தது. அரைவாசிக்கு மண் போட்டு, மேலே தண்ணீர் விட்டு, கல்லில் கட்டிய கத்தரிக்காயை உள்ளே இறக்கினோம்.

முதல் அம்புகள் எல்லாம் கத்தரிக்காய்க்கு மேலால் போயின. தண்ணீருக்குள் இருப்பது உண்மையில் இருப்பதைவிட மேலே தெரியும், கீழே குறி வையும் என்றேன். பள்ளிக்கூடத்தில் படித்தது அன்றுதான் எனக்கு உதவியது. அவர் வில்லைச் சற்றுத் தாழ்த்தினார். அதற்குப் பிறகு தவறிய அம்புகளை எண்ண ஒரு கை போதுமாயிருந்தது.

சமைத்துக்கொண்டிருந்த மனைவி குசினி யன்னலைத் திறந்தாள். “கத்தரிக்காய் என்ன விலை விக்குது தெரியுமோ? எங்கட குடும்பத்தில மீன் வாங்கித் தின்னிறவை இருக்கினம். பிடிக்கிறவை ஒருத்தரும் இல்லை.”

“நான் பிடிக்கேல்லை அக்கா, வேட்டையாடுறன். அது ராசாக்கள் செய்யிறது.”

“ஓமோம். ராசா முதல்ல போய்க் குப்பை வாளியை வெளியில வையும்.”

ஒரு ஞாயிறு காலை குளத்தடிக் குடிலில் மீன் பிடிக்க இரண்டு அனுமதிச் சீட்டு வாங்கினோம். வில் மூன்று துண்டாகக் கிரிக்கெட் பைக்குள் இருந்தது. வில்லுக்கு அனுமதி உண்டா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் எங்களைக் குறித்து வைத்துவிடுவார்களோ என்று பயம். கேட்காமல் விடவும் பயம்.

“சீட்டில மீன் பிடிக்கலாம் எண்டு கிடக்கு அத்தான். பயப்பிடாதையுங்கோ.”

நாணல் ஓரம் அவர் வில்லைப் பூட்டி நின்றார். என்னால் நிற்க முடியவில்லை. குடிலுக்குத் திரும்பிப்போய், பொது அறிவுக்குக் கேட்பதுபோல் கேட்டேன். சீட்டு விற்ற மனிதர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். அது இந்த நாட்டில் குற்றம் என்றார். யாராவது ஒரு அம்பு விட்டால் பொலிசைக் கூப்பிடுவேன் என்றார். அங்குள்ள பெரிய மீன்கள் ஒவ்வொன்றையும் செதிலை வைத்தே அடையாளம் தெரியுமாம். மறுபடி சந்திப்பதற்காகத்தான் திருப்பி விடுகிறார்களாம்.

நன்றி சொன்னேனோ தெரியாது. ஓடினேன். அந்த மனிதரும் பின்னால் வந்தார்.

மைத்துனரின் நாண் தாடை வரை இழுபட்டிருந்தது. அவர் காலடிக்குச் சற்று அப்பால், தண்ணீரின் மேல்மட்டத்தில் கறுத்த முதுகு ஒன்று அசையாமல் நின்றது.

“வில்லை இறக்கு!” என்று கத்தினேன். அதுவரை நான் அவரை நீ என்று சொன்னதில்லை.

அவர் திரும்பவில்லை, ஏன் என்று கேட்கவுமில்லை. முழுதாக இழுத்த நாணை விடுவதற்கு விரல் தளர்ந்தால் போதும். விடாமல் திரும்பக் கொண்டுவருவதுதான் பாரம். தோள் நடுங்க, முழங்கை மெல்ல மெல்ல முன்னுக்கு வந்தது. வில் தன் பழைய வளைவுக்குத் திரும்பும்வரை அம்பு, வில்லில் அதைத் தாங்கும் தட்டிலிருந்து விலகவில்லை. மஞ்சள் வட்டத்துக்குள் போன அத்தனை அம்பையும் நான் கண்டவன். விடாத இந்த ஒன்றுக்கு அவை ஈடாகாது. மீன்கூட விலகவில்லை.

குடில்காரர் வந்து சேர்ந்தார். மைத்துனர் வில்லை இரண்டு கையாலும் நீட்டினார். குடில்காரர் அதை வாங்காமல் அம்பின் நுனியையும் கயிற்றையும் தொட்டுப் பார்த்தார். இரண்டும் காய்ந்திருந்தன. பைக்குள் வை, இனிமேல் இங்கே கொண்டுவராதே என்றார். பிறகு குனிந்து, அந்தக் கறுத்த முதுகைப் பார்த்து ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார். பக்கத்து வீட்டுக் கிழவியைக் கூப்பிடுவதுபோல் இருந்தது.

வீட்டில் மனைவி புளியை ஊறவைத்திருந்தாள். “மீன் எங்கை?”

நான் நடந்ததைச் சொன்னேன். மைத்துனர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“அந்த மீனுக்கு இஞ்சை பேர் இருக்கு அக்கா. ஊர் முழுக்க அதைத் தெரியும். ஆரும் தொட்டால் பொலிஸ் வரும்.” ஒரு வாய் உண்டார். “எனக்கும் உப்பிடி இஞ்சை இருக்க ஒரு பதிவு வரட்டும். பிறகு தூண்டிலோடை போவம்.”

மனைவி இன்னொரு அகப்பை பருப்பை அவர் சோற்றில் விட்டாள்.