நான்தான் எழுதினேன் சார்

"இது நீங்க எழுதினது இல்லை மேடம்" என்றார் புது மேனேஜர். அவர் கையில் நான் எழுதிய கடிதம். ஓசூரில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் பதினோரு வருஷமாகத் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். வெளிநாட்டுக் கஸ்டமர் சரக்கைத் திருப்பி அனுப்பினால், ஏன் பழுதானது, இனி என்ன செய்வோம் என்று இங்கிலீஷில் பதில் எழுதுவது என் வேலை.

"பின்னே யார் சார் எழுதினா?"

"ஏஐ. செக் பண்ற வெப்சைட்ல போட்டுப் பார்த்தேன். அதுவே சொல்லுது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கஸ்டமர் விவரத்தை வெளி சாஃப்ட்வேர் எதிலும் போடக்கூடாது என்பது எங்கள் கம்பெனியில் கண்டிப்பான விதி. போட்டால் வேலை போய்விடும்.

"பேஜார் ஆகாதீங்க மேடம், வருத்தப்படாதீங்க. நாளைக்கு ஹெச்.ஆருக்கு ரிப்போர்ட் பண்ணித்தான் ஆகணும்" என்றார். பெங்களூர்க்காரர், தன்மையாகத்தான் சொன்னார். தன்மையாகச் சொன்னால் திருட்டுப் பட்டம் இனிக்குமா?

விருதுநகர்ப் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். இங்கிலீஷ் எனக்கு வந்தது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில். ஒரே வியாபாரக் கடிதத்தை வாரக்கணக்கில் அடிக்க வேண்டும். ஒரு எழுத்து பிசகினாலும் தாளை உருவிப் போட்டுவிட்டு முதலிலிருந்து. இன்றைக்கும் இங்கிலீஷில் ரெண்டு வார்த்தை பேசச் சொன்னால் முழிப்பேன். எழுதச் சொன்னால் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி வந்து நிற்கும். அது என் குற்றமா?

அன்று மூக்கண்டப்பள்ளி வீட்டில் குழம்புக்கு உப்புப் போட மறந்தேன். விஷயத்தைக் கேட்ட என் வீட்டுக்காரர், "அங்கங்க நாலு தப்பு விட்டு எழுதிக் குடு, நம்பிருவாங்க" என்றார்.

"தப்பில்லாம எழுதுனதுக்கு இதுதான் பரிசாக்கும்? பேசாம சாப்பிடுங்க!"

பாவம் மனுஷன், உப்பில்லாத குழம்பை வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தார்.

மறுநாள் காலை நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்; என்னிடம் இருந்தது பேனாவும் நாலு வெள்ளைத் தாளும்தான். "போன வாரம் வந்த கம்ப்ளெயின்டுக்கு இன்னும் பதில் எழுதலை சார். உங்க எதிர்லயே எழுதறேன்."

"அய்யோ, பேட மேடம்" என்று கன்னடத்தில் வேண்டாமென்று நெளிந்தார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

முதல் நாலு வரிக்கு நேரம் பிடித்தது. அப்புறம் பாகத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்தது, துளை பெரிசானது, எங்கே சோதனையில் தவறவிட்டோம் என்று வரிசையாக வந்தது. முக்கால் மணி நேரத்தில் தாளை நீட்டினேன். அவர் அதை வாங்கி, லேப்டாப்பில் அந்த வெப்சைட்டைத் திறந்து, கஸ்டமர் பேரிலிருந்து அடிக்க ஆரம்பித்தார்.

"நில்லுங்க சார். அந்த வெப்சைட் நம்ம கம்பெனியுதா?"

விரல் அப்படியே நின்றது.

"நேத்து என் லெட்டரையும் முழுசா இதுலதான் போட்டீங்களா?"

மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. வெளி சாஃப்ட்வேரில் போட்டது நான் அல்ல, அவர்! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, பாவமாகவும் இருந்தது.

"தப்பு என்னுது மேடம். ஐ.டி.க்கு நானே சொல்லிடறேன். உங்க மேல ஹெச்.ஆருக்கு ஒண்ணும் போகாது" என்று லேப்டாப்பை மூடினார். பிறகுதான் தாளை எடுத்துப் படித்தார், வரி வரியாக.

"கிளாம்ப் லூஸ்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ரெண்டு ஷிஃப்ட் மெஷின் பக்கத்துலயே நின்னேன் சார். கையை வச்சா ஆடுச்சு."

தலையை ஆட்டிக்கொண்டே கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். யார் எழுதினாலும் மேனேஜர் பேரில்தான் கடிதம் போகும், அதுதான் எங்கள் வழக்கம். பதினோரு வருஷத்தில் மூன்று மேனேஜர்கள் அப்படிப் போட்டிருக்கிறார்கள். நான் ஒன்றும் நினைத்ததில்லை. அன்றைக்கு மனசு கேட்கவில்லை.

"நான் எழுதினதுன்னு ஒத்துக்கிட்டீங்கல்ல சார்? அப்ப கீழே என் பேரு இருக்கட்டும்."

 அவர் பேனாவை என் பக்கம் திருப்பி நீட்டினார்.

அடுத்த வாரம் கஸ்டமரிடமிருந்து பதில் வந்தது, என் பேருக்கு.