எதிர்ச் சுவரில் ஒருத்தி

மலையம்மாள் பெரிய மனுஷி இல்லை. காரைக்குடியில் சிகப்பி ஆச்சி வீட்டில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள், அவ்வளவுதான். அந்த வீடு கட்டும்போது சித்தாளாக வந்தாள். கூடத்துச் சுவரில் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பைப் பூசி, முகம் தெரிகிற வரைக்கும் கல்லால் தேய்த்தவர்களில் அவளும் ஒருத்தி. வருகிறவர்களெல்லாம் அதில் மீசையை முறுக்கிப் பார்த்துக்கொள்வார்கள். ஆச்சியின் மகன் சத்தியமூர்த்திக்கு அந்தச் சுவரென்றால் தலைகால் புரியாத பெருமை.

1928இல் ஆச்சிக்கு நினைவு தப்பியது. பகலில் சாதுவாக இருப்பார். விளக்கேற்றியதும் ஆரம்பித்துவிடும்.

"அந்த வெள்ளைச்சேலைக்காரி எதுத்தாப்புல வந்து உக்காந்துருக்கா. அவுக பர்மாவுலருந்து வர்ற நேரம். போகச் சொல்லு!"

ஆச்சியின் கணவர் செட்டியார் இறந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஆச்சிக்கு அதுவும் மறந்துவிட்டது. விடிய விடியத் தூங்காமல் நடுங்குவார். பேய் என்று சொல்லி வேப்பிலையால் அடித்தார்கள். கன்னம் வீங்கியதுதான் மிச்சம். கடைசியில் சத்தியமூர்த்தி, "நாளையிலருந்து பொழுது சாஞ்சா ஆத்தாவை அறையில வச்சுப் பூட்டிருங்க" என்று சொல்லிவிட்டுக் கீழச்சிவல்பட்டிக் கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

மலையம்மாளுக்கு அதில் சம்மதமில்லை. அன்று மாலை ஆச்சி உட்காரும் இடத்தில் தானே உட்கார்ந்து பார்த்தாள். விளக்கொளியில் எதிர்ச் சுவரிலிருந்து ஒரு கிழவி அவளையே பார்த்தாள். அவளுடைய முகம்தான். ஆச்சி பயந்ததும் அதே சுவரில் வெள்ளைச்சேலையோடு தெரிந்த தன்னைப் பார்த்துத்தான். மலையம்மாள் ஒரு சேலையை எடுத்துச் சுவரை மறைத்தாள். "பின்னால ஒளிஞ்சிருக்கா" என்று ஆச்சி அதை இழுத்துப் போட்டுவிட்டார்.

மறுநாள் மதியம் செம்மண்ணையும் சாணியையும் குழைத்து, தான் தேய்த்த சுவரைத் தானே மெழுகினாள்.

சாயங்காலம் திரும்பிய சத்தியமூர்த்தி ருத்ர தாண்டவமே ஆடிவிட்டார். "ஆரைக் கேட்டுச் செஞ்சே?"

"ஆரையும் கேக்கலங்கய்யா. இன்னைக்கு ஒரு பொழுது பாருங்க. சரிவரலைன்னா கழுவி விட்டுட்டு நானே போயிர்றேன்."

விளக்கேற்றினார்கள். ஆச்சி வெகுநேரம் சுவரையே பார்த்தார்.

"போயிட்டாளா?"

"போயிட்டா ஆச்சி."

ஆச்சி காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தார். கொஞ்சம் கழித்து, "பாவம், அவளுக்கு ஆரு இருக்கா? ஒரு வாய் சோறு போட்டு அனுப்பினியா?" என்று கேட்டார்.

சத்தியமூர்த்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தாயின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போட்டோம் ஆத்தா. சாப்பிட்டுத்தான் போனாக."