குதிரைக்கு விறகு அடுக்குகிறவன்

செத்த குதிரையைத் தூக்க நாலு பேர் போதாது. எங்கள் தொழிலில் முதலில் படிக்கிற பாடம் இதுதான். மனிசனுக்கே நாலு பேர் சேருவது பெரும்பாடாக இருக்கிற காலத்தில், குதிரைக்கு மண் தோண்டுகிற பெக்கோ ஒன்றும் ஒரு லொறியும் ஏழெட்டுத் தடியன்களும் வேண்டும். வளர்த்த சீவன் முற்றத்தில் விழுந்து கிடக்க, அதை என்ன செய்வதென்று தெரியாமல் தலைமாட்டில் குந்தியிருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். இருந்தால் நீங்களும் நம்ம ஆள்தான், வாருங்கள்.

நான் லிங்கநகரில் விறகுகாலை, அதுதான் விறகுக் கடை, வைத்திருக்கிறவன். வீடு வீடாகக் காஸ் அடுப்பு வந்த பிறகு பேக்கரிக்கும் சுடலைக்கும் மட்டுமே விறகு போனது. கூட்டாளி நசார் கிண்ணியாக்காரன், பெக்கோ ஓட்டுகிறவன். எங்கள் கரையில் பள்ளம் தோண்டினால் இடுப்பளவிலேயே தண்ணீர் ஊறும். மேலாகப் புதைத்தால் நாய் கிளறும். அதனால் மாட்டையோ குதிரையையோ பறிகொடுத்தவர்கள் எங்களைத் தேடி வரத் தொடங்கினார்கள். எரிக்கிறது லேசு. பின்னால் நிற்கிறவர்களை வீட்டுக்கு அனுப்புவதுதான் பாடு.

நீட்டின கால்

முதல் குதிரை நிலாவெளி யோகனுடையது. மலைநாட்டில் பந்தயம் ஓடிக் களைத்து, கடைசிக் காலத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு கடற்கரையில் நடந்த கிழட்டுச் சிவப்பன். நாங்கள் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. விறைக்க முதல் குதிரையின் காலை மடித்துவிட வேண்டும் என்று அன்றைக்கு எங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது? நாலு காலும் கவிழ்த்த மேசை மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன. நான் விறகு அடுக்கியிருந்ததோ மனிசக் கணக்கில். உடம்பு விறகில் கிடந்தது, கால்கள் வெளியே.

வேடிக்கை பார்க்க வந்த ஒருவர், முழங்காலோடு எடுத்துவிட்டால் வேலை முடிந்தது, கத்தி கொண்டுவாருங்கள் என்றார். நசார் என்னைப் பார்த்தான். நான் யோகனைப் பார்த்தேன். அவன் குளம்பு ஒன்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சொன்னான்: "ஓடின காலை வெட்ட ஏலாது அண்ணை. விறகைக் கூட்டுங்கோ."

மூட்டையில் என்ன

மறுநாள் யோகன் சாம்பல் எடுக்க ஒரு செம்போடு வந்தான், அதன் வாயில் பூவும் வைத்துக் கட்டியிருந்தான். குதிரைச் சாம்பல் செம்பில் அடங்குகிற சாமானா? எலும்பைத் தட்டி நொறுக்கி அள்ள, மூன்று உரப்பை நிறைந்தது. கொஞ்சத்தைச் செம்பில் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விடுவோம் என்றேன். எந்தப் பக்கத்தை விடுகிறது என்று கேட்டான். மூன்று உரப்பையையும் லொறியில் ஏற்றினேன்.

கடலில் கரைக்கக் கொண்டுபோகிற வழியில், காவலுக்கு நின்ற சிப்பாய் லொறியை மறித்தான். மூட்டையில் என்ன? குதிரை என்றேன். பொடியனுக்குக் கோபம் வந்துவிட்டது, பகிடி விடுகிறேன் என்று நினைத்திருப்பான். நசார் இறங்கிப் போய்ச் சிங்களத்தில் முழுக்கதையையும் சொன்னான். சிப்பாய் ஒரு மூட்டையை அவிழ்த்துப் பார்த்தான், பிறகு யோகனின் மடியிலிருந்த செம்பையும் பூவையும் பார்த்தான். மூட்டையைத் தானே திரும்பக் கட்டிவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்: "எங்க வீட்டு மாடு செத்தது. அம்மா ரெண்டு நாள் சாப்பாடு இல்ல. போங்க."

செல்லியின் சந்தேகம்

யோகனிடம் செல்லி என்றொரு பெண்குதிரையும் இருந்தது. சிவப்பன் செத்த அன்று, கண்டால் தாங்காது பாவம் என்று அதை வீட்டுக்குப் பின்புறம் கட்டிவைத்திருந்தோம். நல்லது செய்தோம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அடுத்த நாளிலிருந்து செல்லி கனைத்துக் கூப்பிடத் தொடங்கியது. எங்கள் லொறிச் சத்தம் கேட்டால் வேலிக்கு ஓடி வரும், பின்பெட்டியை எட்டிப் பார்க்கும், திரும்பிப் போகும். தீன் இறங்கவில்லை. யோகன் கிட்டப் போனால் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்ளும்.

பார்க்க வந்த மிருக வைத்தியர் எங்களைத்தான் ஏசினார். கூட நின்ற குதிரைக்கு உடலைக் காட்ட வேண்டும், அது மணந்து பார்க்க வேண்டும், காட்டாவிட்டால் தேடிக்கொண்டே இருக்கும் என்றார். அதற்குப் பிறகு காட்டாமல் நாங்கள் ஒன்றையும் ஏற்றியதில்லை. ஆனால் செல்லிக்குக் காட்ட அப்போது என்ன மிச்சம்? யோகன் வேலியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "என்னிலதான் அவளுக்குச் சந்தேகம் அண்ணை. நான் அவனை எங்கையோ வித்துப்போட்டன் எண்டு நினைக்கிறாள்."

மாப்பிள்ளைக் குதிரை

கிண்ணியாவில் ஒரு ஹாஜியார், கல்யாண ஊர்வலத்துக்கு வெள்ளைக் குதிரை விடுகிறவர். அவருடைய குதிரை செத்தபோது, எரிக்கிற கதையே எடுக்கக்கூடாது என்றுவிட்டார், மண்ணுக்குள்தான். தன் வயலோரத்தில் தண்ணீர் ஊறாத மேடு ஒன்றைக் காட்டினார். நசார் தோண்டினான். உருட்டிவிட்டால் தானாக விழும் என்று ஆரோ சொல்ல, அவன் காது கேளாதவன் போல இருந்துகொண்டு, வயிற்றில் பட்டி போட்டு மெல்ல மெல்ல இறக்கினான். ஹாஜியார் நெற்றிப் பட்டத்தைக் கழற்றித் துடைத்து வைத்துக்கொண்டார், அடுத்த குதிரைக்கு வேண்டுமாம். பிறகு தானே குனிந்து ஒரு பிடி மண் அள்ளிப் போட்டார். வெறும் றோட்டைப் பார்த்துச் சொன்னார்: "எத்தின மாப்புள இவன்ட முதுகுல ஏறிப் போனானுகள். ஒருத்தனாவது மண் போட வந்தானா, பாருங்க."

குச்சவெளியில்

குச்சவெளிப் புவனேஸ்வரி அக்காவுக்கு இரண்டு குதிரைகள், ராசனும் பவளமும். கட்டாரில் இருக்கிற மகன் வாங்கிக் கொடுத்தவை. தலையில் ஓலைத்தொப்பியோடு தானே கயிற்றைப் பிடித்துக் கடற்கரையில் சவாரி நடத்துகிற மனிசி. சண்டைக் காலத்தில் ஒரு காலை, சைக்கிளில் சந்தைக்குப் போன புருசன் திரும்பி வரவில்லை. உடலும் வரவில்லை, ஒரு சேதியும் வரவில்லை. அக்கா இன்றைக்கும் பொட்டு வைக்கிறா. அப்பாவுக்கு அந்தியேட்டிச் சடங்காவது செய்து கடமையை முடிப்போம் என்று மகன் போனில் மன்றாடுகிறான். ஆருக்கு, ஆர் செத்தது என்று அவ திருப்பிக் கேட்கிறா. ஊரில் சிலருக்கு இது பிடிவாதம். மகனுக்குப் பெரிய மனவருத்தம். தாயும் பிள்ளையும் அந்தப் பேச்சோடு முகம் கொடுத்துக் கதைக்கிறதில்லை.

ராசன் செத்த காலை மழை இருட்டிக்கொண்டு நின்றது. காலை மடித்துக் கட்டிவிட்டோம். நசார் அவசரப்பட்டான், விறகு நனைந்தால் சரிவராது. பவளத்துக்குக் காட்டாமல் ஏற்ற ஏலாது அக்கா என்று நான் சொன்னேன். ஏன் என்று கேட்டா. காட்டாவிட்டால் தேடும் என்றேன். அக்கா போய்ப் பவளத்தின் கயிற்றை அவிழ்த்துவிட்டா.

பவளம் வந்தது. ராசனின் மூக்கை மணந்தது, கழுத்தை மணந்தது. முன்காலால் தோளை ஒருதரம் தட்டிப் பார்த்தது, எழும்பு என்கிறது போல. பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. மழை பிடித்துவிட்டது. நசார் பெக்கோவை நிறுத்திவிட்டு இறங்கி நின்றான், அவசரம் எங்கே போனதோ தெரியாது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று ஒருவரும் பார்க்கவில்லை. பவளம் ஒரு பெருமூச்சு விட்டது. ஒருவரும் பிடித்து இழுக்காமல் தானே திரும்பி, வடலிப் பனையடிக்கு நடந்துபோய்ப் புல்லில் வாய் வைத்தது.

அதுவரை கண் கலங்காமல் நின்ற அக்கா ஈரமண்ணில் அப்படியே குந்திவிட்டா. வாய்விட்டு அழுதா. ராசனுக்காகத்தான் என்று நினைத்து, நல்லாய் வாழ்ந்த குதிரைதானே அக்கா, அழாதையுங்கோ என்று நானும் அழுதுகொண்டே சொன்னேன். அவ இல்லையென்று தலையை ஆட்டினா. புல் மேய்கிற பவளத்தைக் கையால் காட்டிச் சொன்னா: "அதுக்குக் காட்டினீங்கள், மணந்து பாத்திட்டுத் திரும்பிப் போட்டுது. எனக்கும் ஆராவது காட்டியிருந்தா, நானும் திரும்பியிருப்பன் தம்பி."

எங்கள் கரையில் ஒழுங்கான மரியாதையோடு போக வேண்டுமென்றால் நாலு காலோடு பிறக்க வேண்டும் என்று நசார் சொல்கிறான், நான் அடுத்த குதிரைக்கு விறகு அடுக்குகிறேன்.