தானா ஆஃப் ஆகுற ஹோம் தியேட்டர்

மூணு மாசமா எங்க வீட்டு ஹோம் தியேட்டர் நினைச்ச நேரத்துல தானா ஆஃப் ஆகுது.

ஸ்பீக்கர் வயரை மாத்துனேன். ஸ்டெபிலைசர் வாங்குனேன். ரிசீவர் சூடாகுதோன்னு அதுக்குத் தனியா ஒரு டேபிள் ஃபேனே வச்சேன்.

இம்புட்டு யோசனையும் சொன்னது பக்கத்து வீட்டு அண்ணன். விளாங்குடியில எங்க ஜன்னலுக்கும் அவர் ஜன்னலுக்கும் நடுவுல மூணடிச் சந்துதான். நான் வாங்குனதைப் பார்த்துட்டு அதே கம்பெனி, அதே மாடல் வாங்குன மனுசன்.

இன்னைக்கு மெக்கானிக் வந்தார். பாட்டு போட்ட பத்தாவது நிமிசம் டப்புன்னு ஆஃப். தொட்டுப் பார்த்தார், சூடே இல்லை. ரிசீவர் முகப்புல ஒரு துண்டைப் போட்டு மூடிட்டு மறுபடி ஓடவிட்டார். ஒரு மணி நேரம் நிக்காம ஓடுச்சு.

"பெட்டியில கோளாறு இல்லண்ணே. யாரோ ரிமோட்ல அமத்துறாக."

ஜன்னல் பக்கம் திரும்புனேன். எதிர் ஜன்னல் கம்பிக்கு வெளியே ரிமோட்டை நீட்டிக்கிட்டு நிக்கிறார் அண்ணன்.

"என்னண்ணே இது?"

"சத்தம் தாங்கல தம்பி. நேர்ல சொன்னா சண்டை வரும்ல?"

"அப்ப ஸ்டெபிலைசர் எதுக்கு வாங்கச் சொன்னீக?"

"நீதான வந்து கேட்ட. ஏதாச்சும் சொல்லணும்ல?"

வாயில நல்லா வந்துச்சு. மெக்கானிக் இருக்காரேன்னு அடக்கிக்கிட்டேன்.

சரி, சண்டை வேணாம். சாயங்காலம் ஏழரைக்கு அவர் வீட்டுல குடும்பமே சீரியல் பார்க்க உட்காரும். சத்தம் அந்தப் பெட்டியிலதான் வரும். அதே ரிமோட் என்கிட்டயும் இருக்கு.

ரொம்ப நாள் உழைக்கிற பேட்டரி எதுன்னு தெரிஞ்சவுக சொல்லுங்கப்பா.