வட்டக் காலுக்குச் சதுர ஓட்டை

கரண்ட் சாமான் ரிப்பேர் பண்ற தொழில்ல ரிப்பேர் கொஞ்சம்தாங்க, எங்கயோ எவனோ யோசிக்காம செஞ்சு வச்சதுக்கு நாம ஏச்சு வாங்கிக் கட்டிக்கிறதுதான் மிச்சமெல்லாம்.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் படி ஏறி வந்தா என் கடை. குவைத்துல வீட்டு வேலைக்குப் போயிருந்தப்ப, அந்த வீட்டுல பழுதாப்போன சாமானையெல்லாம் குப்பையில போடச் சொல்லுவாங்க. போடுறதுக்கு முன்னாடி நான் கழட்டிப் பாத்துருவேன். அப்படிப் புடிச்ச பைத்தியம். ஊருக்கு வந்து வயரிங் கோர்ஸ் முடிச்சு, இந்தக் கடையத் தொறந்தேன். உங்க வீட்டு மேசை லாச்சியிலயும் எதுக்கும் பொருந்தாத சார்ஜரும் அடப்டரும் ஒரு குவியல் கெடக்கும். எனக்குத் தெரியும். அதனால இது உங்க கதையுந்தான், சங்கடப்படாம படிங்க.

பாஸ் இல்லையா?

எங்க பக்கம் மேசன் வேலை, தச்சு வேலை, வயரிங் வேலை பாக்குற ஆம்பளைங்க எல்லாருமே பாஸ்தான். கடைக்குள்ள வர்றவங்க என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால இருக்குற சொவத்த ஒரு பார்வை பாப்பாங்க. அங்க காலண்டர்தான் தொங்குது. அப்புறம் பாஸ் எங்கன்னு கேப்பாங்க. ஆரம்பத்துல நான்தான் பாஸ்னு சொல்லிப் பாத்தேன், சிரிச்சாங்க. இப்பல்லாம் சொல்றதில்ல. சாமானை வாங்கி வச்சு வேலையப் பாக்குறேன்.

ஒருநாள் ஒரு ஐயா அயன் பாக்ஸோட வந்தாரு. ஒக்காருங்கன்னேன், பாஸ் வரட்டும்னு ஒக்காந்தாரு. அவர் கண்ணு முன்னாலயே கழட்டினேன், அறுந்த வயரை மாத்தினேன், சூடு பண்ணி அவர் சால்வையிலயே ஒரு இழு இழுத்துக் காட்டினேன். சுருக்கம் போயிருச்சு. அவருக்கு ரொம்பச் சந்தோசம். படி இறங்கப் போனவர் திரும்பி வந்து சொன்னாரு: "நல்லா இருக்கும்மா. பாஸ் வந்தா அவர்கிட்டயும் ஒருவாட்டி காட்டிருங்க."

மேல் ஓட்டை

சதுரக் கால் பிளக் பொயிண்ட்டைச் செஞ்சவன் ஒரு பாதுகாப்பு வச்சான். மேல் ஓட்டையில ஏதாவது நுழைஞ்சாத்தான் கீழ் ஓட்டை ரெண்டும் தொறக்கும். சின்னப் புள்ள கம்பியை விட்டுறக் கூடாதுன்னு நல்ல எண்ணம். ஆனா வீட்டுல இருக்குற சாமான்ல பாதிக்கு ரெண்டே கால், அதுவும் உருண்டை. நம்ம ஆளுங்க என்ன செய்வாங்க? மேல் ஓட்டையில பேனாவ விட்டு அமுக்கிக்கிட்டு, கீழ் ஓட்டையில பிளக்கைச் சொருகுவாங்க. அந்தப் பழக்கம் இல்லாத வீடு ஒன்னை எனக்குக் காட்டுங்க, நான் கடைய மூடிட்டு மலைக்குத் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போறேன்.

ராகலையில இருந்து ஒரு சார் வந்தாரு, பள்ளிக்கூடத்துல படிப்பிக்கிறவரு. கருகிப் போன சார்ஜர் ஒரு கையில, சொவத்துலருந்து பேத்து எடுத்த பொயிண்ட் இன்னொரு கையில. அதுக்குள்ள பேனா ஒன்னு ஒடைஞ்சு சிக்கிக் கெடக்கு. எனக்கு வந்துச்சே கோவம். புள்ளைங்களுக்குப் படிப்பிக்கிற நீங்களே இப்படிச் செஞ்சா எப்படி சார்னு புடிச்சிக்கிட்டேன். அவர் அசரவே இல்ல. "நல்ல பேனா இல்லீங்க, மை தீந்ததுதான்"ன்னாரு.

போட்டுப் பாக்காம வந்தவங்க

வெளிநாட்டுலருந்து ஒரு சாமான் வந்தா நம்ம வீட்டுல மொதல்ல செய்றது சொவத்துல சொருகுறது. படார்னு சத்தம் கேட்டதுக்கு அப்புறம்தான் ரிப்பேர் கடை ஞாபகம் வரும். அந்த வழக்கத்த மீறி வந்த ஒரே ஆள் பாக்கியம் அக்கா. டிக்கோயா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல, தொழிலாளிங்களுக்கு வரிசையா ஒட்டிக் கட்டுன மேல் லயத்துல இருக்காங்க. பெட்ஷீட்ல சுத்தி, புள்ளையத் தூக்குற மாதிரி ஒரு மெசினைத் தூக்கிட்டு வந்தாங்க. மருந்தைப் புகையாக்கி மூக்குல குடுக்குற மெசின். அவங்க மக சவூதியில வேலை செய்ற வீட்டுல ஒதுக்கிப் போட்டது.

அவங்க வீட்டுக்காரர் மாரிமுத்து அண்ணே தேயிலை பெக்டரியில, சலிக்கிற எடத்துல காலமெல்லாம் நின்னவர். அங்க பறக்குற தூசி அத்தனையும் அவர் நெஞ்சுக்குள்ள போயிருச்சு. மழையும் பனியும் எறங்கிட்டா மூச்சு அடைச்சுக்கும். போன மழைக்கு அப்படித்தான் ஒருவாட்டி, வண்டி வரல. கம்பளியில போட்டு நாலு பேர் ரோட்டு வரைக்கும் தூக்கிட்டு ஓடிருக்காங்க. இன்னொருவாட்டி ஓடுனா வழியிலயே போயிருவாருன்னு அக்காவுக்குப் பயம். வீட்டுலயே இந்த மருந்தைக் குடுக்கலாம்னு ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸும் சொல்லிட்டாங்க. அதனால அந்த மெசின் வேலை செஞ்சே ஆகணும்.

திருப்பிப் பாத்தேன். நூத்தி இருபது வோல்ட். நம்ம சொவத்துல வர்றது எரநூத்தி முப்பது. சொருகியிருந்தா அன்னிக்கே அது கருகியிருக்கும். எப்படிக்கா போட்டுப் பாக்காம வந்தீங்கன்னு கேட்டேன். "வெடிக்கிறதுன்னா இங்கயே வெடிக்கட்டும்னுதான் தங்கச்சி"ன்னாங்க.

நானாவோட கண்ணாடி அலுமாரி

கரண்ட்டைப் பாதியாக் கொறைக்கிற பெட்டி ஒன்னைக் கண்டியிலருந்து எடுப்பிச்சேன். கருங்கல்லாட்டம் கனம். மெசினோட தட்டைக் கால் அந்தப் பெட்டியில சரியா உக்காந்துச்சு. பெட்டியோட பிளக் சதுரக் கால். பாக்கியம் அக்காவோட ஒத்தை அறை வீட்டுல, அந்தக் காம்பராவுல இருக்குறது ஒரே ஒரு பொயிண்ட், அது வட்டம். பிளக்கை வெட்டிட்டு வட்டக் கால் போட்டுரலாம்னு நெனைச்சுத்தான் லயத்துக்குப் போனேன். போய்ப் பாத்தா அந்தப் பொயிண்ட் நான் பொறக்குறதுக்கு முன்னாடி வச்சது. உள்ள ஸ்பிரிங் செத்துப் போய், எதைச் சொருகுனாலும் பொறி பறக்குது. சுத்தி சொவரே கருகிக் கெடக்கு. பிளக்கை மாத்திப் பிரயோசனம் இல்ல, பொயிண்ட்டையே மாத்தணும்.

என் கடைக்குக் கீழ பாரூக் அண்ணனோட, நாங்க நானான்னுதான் கூப்புடுவோம், ஹார்ட்வெயார் கடை. அவர் கண்ணாடி அலுமாரியத் தொறந்தா ஒலகத்துல உள்ள அத்தனை நாட்டு அடப்டரும் கொத்துக் கொத்தாத் தொங்கும். வட்டப் பொயிண்ட் ஒன்னு குடுங்க நானான்னேன். இனிச் சதுரம்தான் விக்கலாம்னு சட்டம் வந்துருச்சு, வட்டம் வர்றதே இல்லன்னாரு. ஒலகம் பூரா ஒரே மாதிரிப் பொயிண்ட் வச்சா இவனுங்களுக்கு என்ன கொறைஞ்சிரும்னு அங்கயே நின்னு கத்திட்டேன். நானா சதுரப் பொயிண்ட் ஒன்னைத் தூசி தட்டி என் கையில குடுத்துட்டு மெதுவாச் சொன்னாரு: "அப்படியெல்லாம் துஆ கேட்டுறாதீங்க தங்கச்சி, நான் கடைய மூடணும்."

கம்பெனி சொவரு

சதுரப் பொயிண்ட் கையில இருக்கு, மாத்திட வேண்டியதுதானே? அதுதான் இல்ல. லயத்துச் சொவரு தோட்டக் கம்பெனியோடது, சொவத்துல ஓடுற வயரும் கம்பெனியோடது. பரம்பரை பரம்பரையா அந்தக் காம்பராவுல பொறந்து வளந்தவங்க அதைத் தொடக் கூடாது. சரி, மொறைப்படி கேப்போம்னு பாக்கியம் அக்காவைக் கூட்டிக்கிட்டுத் தோட்டத்து ஒபிசுக்குப் போனேன். கிளாக்கர் நாற்காலி போட்டு ஒக்கார வச்சு, டீயும் குடுத்தாரு. கெட்ட மனுசன் இல்ல. பழைய வயர்ல புதுப் பொயிண்ட் வைக்க ரூல் இல்லையாம். புது வயர் இழுக்கணும்னா மொத்த லயத்துக்கும் சேத்துத்தான் இழுக்கணுமாம். லயத்தையே ஒடைச்சிட்டுத் தனி வீடு கட்டப் போறதால அதுவும் இப்ப முடியாதாம். தனி வீடு எப்ப வரும்னு கேட்டா மேல கையக் காட்டுறாரு. தோட்டத்துத் தொரையவா சாமியவான்னு எனக்கு வெளங்கல.

கடையில சதுரத்தைத் தவிர விக்கக் கூடாதுன்னு ஒரு ரூல். காம்பராவுல சதுரத்தை வைக்கக் கூடாதுன்னு இன்னொரு ரூல். அப்ப அந்த மனுசன் எப்படிங்க மூச்சு விடுறதுன்னு கேட்டேன். கிளாக்கருக்கே ஒரு மாதிரி ஆகிருச்சு. "நீங்க சொல்றது நியாயந்தான், ஆனா நியாயத்தை நான் எந்த பைல்ல போடுறது?"ன்னாரு.

ஆறு மணி உலை

நியாயத்துக்குப் பைல் இல்லன்னா எனக்கு ஸ்க்ரூ டிரைவர் இருக்கு. மறுநாள் எல்லாரும் மலைக்குப் போன நேரமாப் போனேன். மெயின் போர்ட்லருந்து தனி வயர் இழுத்து, ட்ரிப் சுவிட்ச் போட்டு, வெளிய கம்பி அடிச்சு எர்த் எறக்கி, சதுரப் பொயிண்ட்டைப் பூட்டினேன். முழு லயத்துலயும் எர்த் உள்ள ஒரே பொயிண்ட் அதுதான். மெசின் ஓடுச்சு. மாரிமுத்து அண்ணே மாஸ்க்கை வச்சுக்கிட்டு என்னைப் பாத்து மெல்லத் தலைய ஆட்டினாரு. அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு ருசியா எறங்குச்சு.

ரெண்டு நாள்ல பாக்கியம் அக்கா திரும்பப் படியேறி வந்தாங்க. அந்தி ஆனா மெசின் உறுமிட்டு நின்னுருதாம். எனக்கு உடனே வெளங்கிருச்சு. ஆறு மணிக்கு மலையிலருந்து வந்த எல்லாரும் ஒரே நேரத்துல ரைஸ் குக்கர், கேத்தல்னு போடுவாங்க. கரண்ட் படுத்துரும். கொறைஞ்சதைத்தான் என் பெட்டி மறுபடி பாதியாக்குது. பனி எறங்கி அண்ணனுக்கு மூச்சு முட்டுறதும் அதே நேரம். வெளியருந்து வர்ற மெயின் லைனுக்கு நான் என்னங்க செய்றது? இதுக்கு மேல என்னால ஏலாது அக்கான்னு சொல்லிட்டேன். சொல்லும்போதே அழுகை வந்துருச்சு. கோவத்துல வர்ற அழுகைதான், ஆனாலும் அழுகை.

அக்கா அழல. போய்ப் பக்கத்துக் காம்பராக்காரங்ககிட்டப் பேசிருக்காங்க. அடுத்தவாட்டி நான் போனப்ப அந்தி நேரம். அக்கா மெசினைத் தொடுறதுக்கு முன்னாடி நடுச் சொவத்துல ஆப்பையால டொக் டொக்குனு தட்டினாங்க. அடுத்த காம்பராவுல அதே சத்தம், அதுக்கடுத்த காம்பராவுல, அப்படியே லயத்தோட கோடி வரைக்கும் போச்சு. ஒவ்வொரு வீட்டுலயும் குக்கரை நிப்பாட்டுறாங்க. பல்பு பளிச்சுனு பெரகாசமாச்சு, மெசின் கணீர்னு ஓடுச்சு. முடிஞ்சதும் திரும்ப ஒரு தட்டு, எல்லா உலையும் மறுபடி ஏறுச்சு. பக்கத்துக் காம்பரா சரசுகிட்ட, தெனமும் இப்படி நிப்பாட்டுறது கஷ்டமா இல்லையான்னு கேட்டேன். "சோறு கொழைஞ்சு போகுதுங்க, எங்க வீட்டுக்காரரு ஏசுறாரு. ஏசட்டும், பக்கத்துல இருமல் சத்தம் இல்லாம அவருந்தானே நல்லாத் தூங்குறாரு"ன்னு சொன்னுச்சு.

கழட்ட வந்தவங்க

லயத்துல ஒரு விசயம் ஒபிசுக்குப் போகாம இருக்குமா? போயிருச்சு. கரண்ட் கொறைக்கிற பெட்டி சூடாகுதான்னு பாக்குறதுக்கு நான் அங்க இருந்த ஒரு அந்தியிலயே கிளாக்கரும் தோட்டத்து வயர்மேனும் வந்து நின்னாங்க. பொயிண்ட்டைக் கழட்டிட்டு, யார் வச்சதுன்னு பேர் எடுத்துட்டுப் போகணுமாம். அண்ணே அப்பத்தான் மாஸ்க்கை மாட்டிருந்தாரு, மெசின் ஓடிக்கிட்டு இருக்கு. சொவத்துல தட்டுனதால எல்லா வீட்டுலயும் அடுப்பு நின்னு போய், சனமெல்லாம் வாசலுக்கு வந்துருச்சு. வயர்மேன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துட்டு கிளாக்கர் மொகத்தைப் பாக்குறான். கிளாக்கர் பொயிண்ட்டைப் பாக்குறாரு.

நான்தான் வச்சேன், என்ன செய்வீங்களோ செய்யுங்கன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள மாரிமுத்து அண்ணே மாஸ்க்கைக் கழட்டுனாரு. ரெண்டு வார்த்தைக்கு ஒருக்கா நின்னு மூச்சு வாங்குற மனுசன், அன்னிக்கு ஒரு தடவகூட நிக்காம, ஒரே மூச்சுல சொன்னாரு: "நான்தாங்க வச்சேன், கழட்டுறதுன்னா தாராளமாக் கழட்டுங்க, ஆனா கழட்டிட்டு எனக்குத் திரும்ப மூச்சு வர்ற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் இங்கயே ஒக்காந்திருக்கணும்."

அந்தப் பொயிண்ட் இன்னிக்கும் அந்தச் சொவத்துலதாங்க இருக்கு, ரூல் எழுதுறவங்களுக்கு எப்பவாச்சும் மூச்சு முட்டுனா வந்து சொருகிக்கலாம், நாங்க குக்கரை நிப்பாட்டுறோம்.