நின்றபடி ஒரு டீ

போன ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு டீ வாங்கிக்கொண்டு போனேன். அவர் குடிக்கவில்லை. கப்பை ஜன்னலோரம் வைத்துவிட்டு, "ஆறட்டும் மாப்ள" என்றார். கொஞ்சம் சூடு குறைந்தாலே டீக்கடைக்காரரோடு சண்டைக்குப் போகிற மனிதர்!

மாமா என் அம்மாவின் தம்பி. மதுராந்தகம் – செங்கல்பட்டு ரூட்டில் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். வேலை நேரம் முழுக்க உட்கார்ந்தே இருப்பவருக்கு டீக்கடைதானே காலை நீட்டி நிற்கக் கிடைக்கும் இடம்? பக்கவாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்ட பிறகு அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான்.

"நின்னுகினு ஒரு டீ குடிக்கணும்டா. வேற இன்னா கேக்கப் போறன்?"

மாமல்லபுரம் போகும் வழியில், ஈசிஆரிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். கேட்டுக்கு எதிரிலேயே டீக்கடை. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து பஸ் மாறி மாறி வரும் பிசியோ பெண் பவித்ரா, திட்டியும் கெஞ்சியும் மாமாவை வாக்கரோடு கேட் வரைக்கும் நடக்க வைத்துவிட்டாள். இன்னும் ரோட்டைத் தாண்டுவது மட்டும்தான் பாக்கி.

அப்போதுதான் வந்தது தரச் சான்றுப் பேச்சு.

வெளியிலிருந்து ஒரு குழு வரும். இங்கே தரும் நடைப்பயிற்சி, கைப்பயிற்சியெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும். திருப்தி என்றால் சான்றிதழ். நல்ல விஷயம்தானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

குழு கேட்கும் கேள்விகளில் ஒன்று – யாராவது கீழே விழுந்தார்களா? இல்லத்து மானேஜர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"யாராச்சும் விழுந்துட்டா எல்லாம் போச்சு சார். டீம் வந்துட்டுப் போற வரைக்கும் எல்லாரும் வீல்சேர்லயே இருக்கட்டும்."

பவித்ரா எதிர்த்துப் பேசினாள். பலிக்கவில்லை. டீமோ இதோ வருகிறது, அதோ வருகிறது என்று தள்ளிக்கொண்டே போனது. நடுவில், இரு பக்கமும் பிடித்துக்கொண்டு நடக்கும் புதுக் கம்பிகள் வந்து இறங்கின. சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டினார்கள். கம்பியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை மட்டும் பிரிக்கவில்லை. டீம் பார்க்கும்போது புதுசாக இருக்க வேண்டுமாம்! புது கார் சீட்டுக்கு நாம் செய்கிற மரியாதைதான்... நாமென்ன யோக்கியமா?

ஒருவழியாக டீம் வந்தது. குடும்பத்தார் சார்பில் பேச என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். குழுவில் இருந்த அம்மா, "யாராவது நடந்து காட்டுங்களேன்" என்றார். மானேஜர் பெருமையாக மாமாவைக் கை காட்டினார். இல்லத்திலேயே நன்றாக நடந்தவர் அவர்தானே... வாரக்கணக்கில் உட்கார வைத்தது யாருக்கு நினைவிருக்கிறது?

மாமா கம்பியைப் பிடித்து எழுந்தார். பிளாஸ்டிக்கில் கை வழுக்கியது. கால் நகர மறுத்தது. பவித்ரா ஓடி வந்து தாங்கி உட்கார வைத்தாள்.

"தினமும் நடக்கிறீங்களா ஐயா?" என்று கேட்டார் அந்த அம்மா.

நான் வாயைத் திறந்தேன். மாமா முறைத்தார்.

"டெய்லி நடக்குறன்மா. இன்னிக்கு நாஸ்தா சரியா துன்னல. தல சுத்துது, அதான் பேஜாரு."

அவர்கள் போன பிறகு கேட்டேன், "ஏன் மாமா பொய் சொன்னீங்க?"

"நெசத்த சொன்னா மானேஜரா மாட்டுவான்? அந்தப் பொண்ணு தலைலதான் வுடியும். பஸ்ஸு பிரேக்டவுன் ஆனா டிரைவரத்தான புடிப்பானுங்க? எனுக்குத் தெரியாதா?"

எனக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்பாக இருந்தது. யாரும் கெட்டவர்கள் இல்லை, எல்லோரும் அவரவர் வேலையைத்தான் பார்த்தார்கள். அப்படியும் ஒரு மனிதரின் கால் போய்விடுகிறது.

சான்றிதழ் வந்துவிட்டது. பிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டி மாலையும் போட்டிருக்கிறார்கள். பவித்ரா கத்தரிக்கோலை எடுத்து அந்த பிளாஸ்டிக்கை அறுத்து எறிந்திருக்கிறாள். ஆனால் மாமாவின் முட்டி இறுகிப் போய்விட்டது. "மறுபடியும் மொதல்லேர்ந்துதான் சார்... எவ்ளோ தூரம் வரும்னு தெரியல" என்றாள். அவளும் களைத்துப் போயிருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை, ஜன்னலோரம் வைத்த டீயில் ஆடை படிந்துவிட்டது. மாமா நாற்காலிக் கைப்பிடியை அழுத்திப் பாதி எழுந்தார். நடுங்கினார். உட்கார்ந்துவிட்டார்.

"எடுத்துனு போ மாப்ள. நானே கடைக்கு வந்து குடிச்சிக்கிறன்."

கப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், மானேஜர் என் கையில் லட்டைத் திணித்தார். "பார்த்தீங்களா சார், இத்தனை நாள்ல ஒருத்தர்கூட விழல!"

நின்றால்தானே ஐயா, விழ?